பேச்சுக்கும் ஒரு படை வேண்டும்

(பேகம்பேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2004 அக்டோபர் 15 முதல் 18 வரை நான்கு நாள், ஐதராபாத்தில் உள்ள மர்ரி சென்னா ரெட்டி மனிதவள மேம்பாட்டு நிறுவனத்தில் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. மேசையின் ஒரு பக்கம் உள்துறை அமைச்சர் கே. ஜானா ரெட்டி தலைமையில் ஆந்திரப் பிரதேச அரசின் தரப்பு. மறுபக்கம் பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்த நக்சல் தலைவர்கள்: மாவோயிஸ்ட் கட்சியின் ராமகிருஷ்ணா, சுதாகர், கணேஷ், ஜனசக்தி அமைப்பின் அமர், ரியாஸ். நடுவில் எஸ்.ஆர். சங்கரன் உள்ளிட்ட நடுவர்கள். அதுவரை எந்த மாநில அரசும் நக்சல் தலைவர்களை இப்படி நேருக்கு நேர் அழைத்துப் பேசியதில்லை.

மூன்று மாதத்தில் அந்த முயற்சி முறிந்தது. பத்து மாதத்தில் நக்சல் அமைப்புகள் மீதான தடை மீண்டும் வந்தது. 'தீவிரவாதிகளோடு பேசினால் இதுதான் நடக்கும்' என்பதற்குச் சான்றாக அந்த நான்கு நாள்களை இன்றும் பலர் காட்டுகிறார்கள். நடந்தவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்த மாநிலத்தில் சண்டைக்கு நிரந்தரமான ஓர் அமைப்பு இருந்தது; பயிற்சியும் பணமும் ஆள்பலமும் இருந்தன. சமாதானத்துக்கு ஓய்வுபெற்ற சில பெரியவர்களின் நல்லெண்ணம் மட்டுமே இருந்தது. முறிவுக்குக் காரணம் பேசியது அன்று. பேச்சைத் தாங்க எதையும் கட்டாமல் விட்டது.

புரிதல், சமரசம், சரண்

பயங்கரவாதத்துக்கு அரசு என்ன பதில் சொல்ல வேண்டும் என்ற விவாதத்தில் மூன்று சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. புரிதல் என்பது வன்முறை எந்த மண்ணில் முளைத்தது, யார் அதற்குச் சோறிடுகிறார்கள், ஏன் இடுகிறார்கள் என்று அறிவது. அறிவதனால் கொலை நியாயமாகிவிடாது. சமரசம் என்பது இரு தரப்பும் எதையாவது விட்டு, எதையாவது பெற்று, எழுத்தில் ஒப்புவது. சரண் என்பது மிரட்டலுக்கு அஞ்சிச் சட்டத்தைக் கைவிடுவது. முதலிரண்டையும் கேட்பவர்கள் மூன்றாவதையே கேட்கிறார்கள் என்ற சந்தேகம்தான் விவாதத்தைத் தொடக்கத்திலேயே முறித்துவிடுகிறது.

ஆயுதக் குழுக்கள் எப்படி முடிவுக்கு வருகின்றன என்பதை அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2008இல் ஆராய்ந்தது. 1968 முதல் 2006 வரை உலகெங்கும் இயங்கிய 648 குழுக்கள் அதன் கணக்கில் வந்தன. முடிவுக்கு வந்தவற்றில் 43 சதவீதம் அரசியல் வழிக்குத் திரும்பியவை. 40 சதவீதம் காவல்துறை, உளவுத்துறைப் பணியால் முடிந்தவை. 10 சதவீதம் தங்கள் நோக்கத்தில் வென்றவை. ராணுவ நடவடிக்கையால் ஒழிந்தவை 7 சதவீதம் மட்டுமே. சமாதானத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் எடுத்த கணக்கன்று இது. ராண்ட், அமெரிக்கப் படைத்துறைக்குப் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்துவந்த நிறுவனம்.

துப்பாக்கிக்கு முன்னால் நிலம்

தெலங்கானா கிராமங்களில் நிலக்கிழாரைத் 'தொர' என்பார்கள், தமிழில் 'துரை'. தொரையின் வீட்டிலும் வயலிலும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலைக்குப் பெயர் 'வெட்டி'. சோழர் காலக் கல்வெட்டுகள் ஊதியமில்லாக் கட்டாய உழைப்பைக் குறிப்பதும் இதே சொல்லால்தான். தமிழில் அது 'வெட்டி வேலை' என்று பொருள் தேய்ந்து புழங்குகிறது. நிஜாம் ஆட்சியில் அது சலவைத் தொழிலாளியையும் தச்சரையும் உழவரையும் நாள்தோறும் தொரையின் வாசலில் நிறுத்திய நடைமுறை.

அதற்கு எதிராக 1946இல் எழுந்த ஆயுதப் போராட்டம் 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஐதராபாத்துக்குள் நுழைந்த பிறகும் நிற்கவில்லை. மேலும் மூன்று ஆண்டுகள் நீடித்தது. ராணுவ அழுத்தம் போராட்டத்தைச் சுருக்கியது உண்மை. அதோடு வேறு மூன்றும் சேர்ந்தன. 1950இல் ஐதராபாத் குத்தகைச் சட்டம் வந்தது. 1951 ஏப்ரல் 18 அன்று நல்கொண்டா மாவட்டம் போச்சம்பள்ளியில் வினோபா பாவே கேட்டபோது 100 ஏக்கர் நிலம் தானமாகக் கிடைத்தது. பூதான இயக்கம் அங்குதான் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சி போராட்டத்தை விலக்கிக்கொண்டு தேர்தலுக்குத் திரும்பியது. தலைமறைவாக இருந்து போராடிய ரவி நாராயண ரெட்டி, முதல் பொதுத்தேர்தலில் நல்கொண்டாவில் நின்று ஜவாஹர்லால் நேருவைவிட அதிக வாக்கு பெற்று நாடாளுமன்றம் போனார். ஆயுதம் ஏந்திய இயக்கம் வாக்குப்பெட்டிக்கு வந்து சேர்ந்த வரலாறு அந்த மண்ணிலேயே இருக்கிறது.

சட்டம் வந்ததே தவிர, நிலம் முழுதாகக் கைமாறவில்லை. மலைப்பகுதிகளில் பழங்குடியினர் நிலம் பிறருக்குப் போகக்கூடாது என்று 1959இல் ஒரு விதி வந்தது. 1970இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ஸ்ரீகாகுளம் மலைகளில் நக்சல் எழுச்சி நடந்தது. 1978இல் ஜகித்யால், சிர்சில்லா பகுதிகளில் கூலி விவசாயிகள் திரண்டபோது அரசு அவற்றைக் கலவரப் பகுதிகளாக அறிவித்தது. 1980இல் கொண்டபல்லி சீதாராமையா மக்கள் யுத்தக் குழுவைத் தொடங்கினார். 1981 ஏப்ரல் 20 அன்று அதிலாபாத் மாவட்டம் இந்திரவெல்லியில் கூட்டத்துக்கு வந்த கோண்டு மக்கள்மீது காவல்துறை சுட்டது. அரசுக் கணக்கில் 13 பேர் இறந்தனர். அதைவிடப் பல மடங்கு என்கிறார்கள் அங்குள்ள மக்கள். அதன்பின் அந்தக் காடுகளில் ஆயுதக் குழு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

அடிக்கு அடி

1989இல் ஆந்திரக் காவல்துறை கிரேஹவுண்ட்ஸ் என்ற சிறப்புப் படையை உருவாக்கியது. அதை வடிவமைத்தவர் ஐ.பி.எஸ். அதிகாரி கே.எஸ். வியாஸ். காட்டுக்குள் நாள்கணக்கில் நடந்து, கிடைத்ததைத் தின்று, எதிராளியின் முறையிலேயே எதிராளியைத் தேடும் பயிற்சி அந்தப் படைக்கு அளிக்கப்பட்டது. நாட்டின் பிற மாநிலங்கள் பிற்பாடு அதைப் பார்த்துத் தங்கள் படைகளை அமைத்தன.

1990இல் சென்னா ரெட்டி ஆட்சியில் கட்டுப்பாடுகள் சில மாதம் தளர்ந்தன. வாரங்கல்லில் நடந்த விவசாயக் கூலிச் சங்க மாநாட்டில் மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டனர். 1992இல் தடை வந்தது. 1995இல் என்.டி. ராமராவ் தடையை நீக்கினார். 1996இல் அது மீண்டும் வந்தது. திறப்பதும் மூடுவதுமாகக் கதவு ஆடியதே தவிர, திறந்திருந்த மாதங்களில் என்ன செய்வது என்ற திட்டம் எந்த ஆட்சியிடமும் இருக்கவில்லை.

இடையில் அடிக்கு அடி விழுந்துகொண்டே இருந்தது. 1993 ஜனவரியில் வியாஸ், ஐதராபாத் லால் பகதூர் விளையாட்டரங்கில் காலை ஓட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 1999 டிசம்பர் 2 அன்று மக்கள் யுத்தக் குழுவின் மத்தியக் குழு உறுப்பினர் மூவர் என்கவுன்டரில் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து, 2000 மார்ச் 7 அன்று, முன்பு உள்துறையைக் கவனித்த அமைச்சர் மாதவ ரெட்டி கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று, மூவரின் முதலாண்டு நினைவு நாளில், நக்சல்கள் கெரில்லாப் படை ஒன்றைத் தொடங்கினார்கள். 2003 அக்டோபர் 1 அன்று திருப்பதி அலிபிரியில் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் கார் கண்ணிவெடியில் சிக்கியது. அவர் காயத்தோடு உயிர்தப்பினார். ஒவ்வொரு பதிலடியும் கடைசி அடியாக இருக்கும் என்று சொல்லியே கொடுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு நாள் குறித்தது.

பெயர் வெளியில் தெரியாமல் இறந்தவர்களே அதிகம். 'உளவாளி' என்று முத்திரை குத்தப்பட்டு இரவில் இழுத்துச் செல்லப்பட்ட கிராமத்தார், கண்ணிவெடியில் சிதறிய காவலர்கள், என்கவுன்டர் என்ற ஒற்றைச் சொல்லோடு கோப்பு மூடப்பட்ட இளைஞர்கள் என்று எல்லாரும் பெரும்பாலும் ஒரே மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

கடத்தப்பட்டவர் நடுவரானார்

இந்தச் சுழலுக்குள் மூன்றாவது குரலைக் கொண்டுவந்தவர் எஸ்.ஆர். சங்கரன். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, 1957இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, ஆந்திராவைத் தன் ஊராக்கிக்கொண்டவர். சமூகநலத் துறையில் இருந்தபோது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைக் காகிதத்திலிருந்து வயலுக்கு எடுத்துச் சென்றவர். திருமணம் செய்துகொள்ளாதவர். 2005இல் அறிவிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தவர்.

1987 டிசம்பரில், கிழக்கு கோதாவரி மாவட்டம் குர்த்தேடு காட்டுப் பகுதியில், பழங்குடியினர் நலப் பணிக்காகச் சென்று திரும்பிக்கொண்டிருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை மக்கள் யுத்தக் குழு கடத்தியது. அவர்களில் சங்கரனும் ஒருவர். சிறையிலிருக்கும் தங்கள் தோழர்களை விடுவிக்க வேண்டும் என்பது கடத்தியவர்களின் கோரிக்கை. என்.டி. ராமராவ் அரசு இணங்கியது. அதிகாரிகள் பத்திரமாகத் திரும்பினர். மதுரையில் பிறந்து ஐதராபாத்தில் வழக்கறிஞராக இருந்த கே.ஜி. கண்ணபிரான் அந்த இணக்கத்துக்குத் துணைநின்றார். தமிழ் மண்ணில் பிறந்த இந்த இருவரும் பின்னர் ஒரே பணியில் சேர்ந்தனர்.

துப்பாக்கி முனையில் பிடிபட்ட ஒருவர் அதன்பின் பழிவாங்கக் கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கரன் 1997இல் 'அக்கறையுள்ள குடிமக்கள் குழு'வை அமைத்தார். கண்ணபிரான், பேராசிரியர் ஹரகோபால், மூத்த பத்திரிகையாளர் பொத்தூரி வெங்கடேஸ்வர ராவ் முதலியோர் அதில் இருந்தனர். குழுவினர் வன்முறை நடந்த ஊர்களுக்குப் போனார்கள். காவலரின் வீட்டிலும் உட்கார்ந்தார்கள், நக்சலின் தாய் வீட்டிலும் உட்கார்ந்தார்கள். என்கவுன்டர் கொலைகள் சட்ட ஆட்சியை அரிப்பதாக அரசுக்கு எழுதினார்கள். பாமர மக்களைக் கொல்வதும் சொத்துகளை அழிப்பதும் எந்த விடுதலையையும் தராது என்று நக்சல்களுக்கு எழுதினார்கள். இரு தரப்பும் பதில் எழுத வேண்டிய நிலையை உண்டாக்கியதே குழுவின் முதல் வெற்றி.

2002 ஜூன், ஜூலையில் நாயுடு அரசும், நக்சல் தரப்புத் தூதர்களாகக் கவிஞர் வரவர ராவும் மக்கள் பாடகர் கத்தாரும் சந்தித்தனர். பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே என்கவுன்டர்களும் நடந்தன, முயற்சி நின்றது. ஆனாலும் பாதை போடப்பட்டுவிட்டது.

மஞ்சீரா மாளிகையின் வாசல்

2004 மே மாதம் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி தலைமையில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. நக்சல்களோடு பேசுவோம் என்பது தேர்தல் வாக்குறுதி. ஜூன் நடுவில் மூன்று மாதச் சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் தடைச் சட்டத்தின் காலம் முடிந்தபோது அரசு அதைப் புதுப்பிக்கவில்லை.

அக்டோபர் 11 அன்று நல்லமலைக் காட்டின் ஓரத்தில், பிரகாசம் மாவட்டம் சின்ன ஆருட்லா என்ற சிற்றூரில், ராமகிருஷ்ணாவும் தோழர்களும் வெளியே வந்தனர். செய்தியாளர்களும் கிராமத்தாரும் சூழ அவர்கள் ஐதராபாத் புறப்பட்டனர். அக்டோபர் 14 அன்று, மக்கள் யுத்தக் குழுவும் பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளில் இயங்கிய மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையமும் இணைந்து ஒரே கட்சியாகிவிட்டன என்ற அறிவிப்பு வந்தது. மாநில அரசு பேசிக்கொண்டிருந்த அமைப்பு ஒரே நாளில் பல மாநிலக் கட்சியாக மாறிவிட்டது. மேசையின் அளவு மாறவில்லை. எதிரே இருந்தவர்களின் அளவு மாறிவிட்டது.

தலைவர்கள் அரசின் மஞ்சீரா விருந்தினர் மாளிகையில் தங்கவைக்கப்பட்டனர். அதன் வாசலில் நடந்தது, மாநாட்டு அறையில் நடந்ததைவிட அதிகம் சொல்கிறது. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்து மக்கள் மனுக்களோடு வந்து நின்றார்கள். தொரையிடம் போன நிலம், வராத பட்டா, கடன், காணாமல்போன மகன் என்று அந்த மனுக்களில் இருந்தவை வருவாய்த் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போயிருக்க வேண்டியவை. அங்கெல்லாம் அலைந்து ஓய்ந்தவர்கள், தலைமறைவிலிருந்து நான்கு நாள் விருந்தினராக வந்தவர்களிடம் அவற்றைக் கொடுத்தார்கள். அரசின் கதவு திறக்காத இடத்தில் ஆயுதம் எப்படி அதிகாரமாகிறது என்பதை விளக்க அந்த வரிசை போதும். புரிதல் என்பதன் பொருள் அந்த மனுக்களைப் படிப்பது.

உள்ளே பேசப்பட்டவை ஜனநாயக உரிமைகள், சண்டை நிறுத்த விதிகள், நிலப் பகிர்வு. நிலத்தில் ஓரளவு நெருங்க முடிந்தது. ஆயுதத்தில் முடியவில்லை. ஊருக்குள் வரும்போது ஆயுதம் ஏந்தக்கூடாது என்றது அரசு. ஆயுதத்தை விட்டால் உயிருக்கு யார் பொறுப்பு என்றது மாவோயிஸ்ட் தரப்பு. சண்டை நிறுத்தம் டிசம்பர் நடுப்பகுதி வரை நீட்டிக்கப்பட்டது. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக அது மாறவேயில்லை. அக்டோபர் 18 அன்று முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்று நடக்கவில்லை.

முறிந்த விதம்

நக்சல்கள் சண்டை நிறுத்தத்தைப் பயன்படுத்தி ஆள் சேர்க்கிறார்கள், ஊருக்குள் ஆயுதத்தோடு திரிகிறார்கள், நன்கொடை என்று பணம் பறிக்கிறார்கள் என்று காவல்துறை சொன்னது. வெளியே வந்தவர்களையும் அவர்களைச் சந்தித்தவர்களையும் காவல்துறை அடையாளம் கண்டு குறித்துக்கொள்கிறது என்று நக்சல்கள் சொன்னார்கள். இரண்டு குற்றச்சாட்டும் பொய்யல்ல. எது மீறல், யார் மீறினார்கள் என்று தீர்ப்பதற்கு இரு தரப்பும் ஏற்ற ஒருவர் இல்லை என்பதுதான் கோளாறு.

2005 ஜனவரியில் அடுத்தடுத்து என்கவுன்டர்கள் நடந்தன. அந்த மாத நடுவில் மாவோயிஸ்ட்களும் ஜனசக்தியும் பேச்சிலிருந்து விலகின. ஜூலைத் தொடக்கத்தில், மேசையில் அமர்ந்த ஐவரில் ஒருவரான ரியாஸ் என்கவுன்டரில் இறந்தார். ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திர தின நிகழ்ச்சியில், நாராயணபேட்டையில் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் சிட்டெம் நர்சி ரெட்டியும் அவர் மகனும் உடனிருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் தடை மீண்டது. அடிக்கு அடி என்ற பழைய கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பேகம்பேட்டில் வெடித்த குண்டு

அதே 2005 அக்டோபர் 12 அன்று மாலை, பேகம்பேட்டில் உள்ள காவல்துறை அதிரடிப்படை அலுவலகத்தில் ஒரு தற்கொலைக் குண்டு வெடித்தது. ஊர்க்காவல் படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். இது நக்சல்களின் செயலன்று. எல்லை கடந்த மதத் தீவிரவாத அமைப்பின் வேலை என்று சொல்லப்பட்டது. இத்தகைய குழுவோடு பேச மேசை இல்லை. அப்படியானால் புரிதலுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி எழும்.

பதில் வழக்கின் முடிவில் இருக்கிறது. கைது செய்யப்பட்டு விசாரணையை எதிர்கொண்ட 10 பேரையும் 2017 ஆகஸ்டில் நாம்பள்ளி நீதிமன்றம் விடுதலை செய்தது. 12 ஆண்டுகளுக்குப் பின்னும் இறந்த வீரரின் குடும்பத்துக்குக் குற்றவாளி யார் என்று தெரியவில்லை. சிறையில் கிடந்தவர்களுக்கு இளமை திரும்பவில்லை. 2007 மே 18 அன்று மக்கா மசூதியில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது குண்டு வெடித்து 9 பேர் இறந்தனர்; அதன்பின் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மேலும் 5 பேர் இறந்தனர். பழைய நகரத்து முஸ்லிம் இளைஞர்கள் கூட்டமாகப் பிடிக்கப்பட்டார்கள், சித்திரவதைப் புகார்கள் எழுந்தன, வழக்குகள் நிற்கவில்லை. பின்னர் விசாரணை வேறு திசைக்குத் திரும்பி, அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களும் 2018 ஏப்ரலில் விடுதலையானார்கள்.

தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்தின் பரிந்துரைப்படி, தவறாகப் பிடிக்கப்பட்ட 70 பேருக்கு ஆந்திர அரசு இழப்பீடு அறிவித்தது. 20 பேருக்குத் தலா 3 லட்சம், 50 பேருக்குத் தலா 20,000 ரூபாய். கூடவே நன்னடத்தைச் சான்றிதழ். வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் 'குண்டு வழக்கு' என்று கதவு சாத்தப்பட்டவனுக்கு, பணத்தைவிட அந்தத் தாள் பெரிது. 2013இல் உயர்நீதிமன்றம் அந்த இழப்பீட்டை ரத்து செய்தது. ஆயினும் தவறை ஒரு மாநில அரசு ஒப்புக்கொண்டது இந்தியாவில் அரிதாக நடந்த செயல். பேச முடியாத குழுவுக்கு எதிராகவும் அரசுக்கு இரண்டு கடமை உண்டு: உண்மைக் குற்றவாளியை நேர்மையான புலனாய்வால் பிடிப்பது, அவன் பெயரால் ஒரு சமூகத்தையே தண்டிக்காமல் இருப்பது. இரண்டாவது தவறினால் முதலாவதும் தவறும்; சாட்சி சொல்ல அந்தத் தெருவில் யாரும் முன்வரமாட்டார்கள்.

ஐஸால், பெல்ஃபாஸ்ட், முள்ளிவாய்க்கால்

மிசோரம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. 1959இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காக எழுந்த அமைப்பே லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணியானது. 1966 மார்ச்சில் அது தனிநாடு அறிவித்தபோது, இந்திய விமானப்படை ஐஸால் நகர்மீது தாக்குதல் நடத்தியது. பின்பு கிராமங்களைப் பெயர்த்து முகாம்களில் அடைத்தார்கள். 20 ஆண்டுகள் கழித்து, 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பதவியிலிருந்த முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா விலகி லால்டெங்காவுக்கு இடம் கொடுத்தார். 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் தனி மாநிலமானது. தனிநாடு கேட்டவர்கள் மாநிலத்துக்கு ஒப்பினார்கள். குண்டு வீசிய அரசு, எதிரியை முதலமைச்சராக ஏற்றது. அந்த அமைதி இன்றுவரை நிற்கிறது.

வட அயர்லாந்தில் ஆயுதமே பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. ஐதராபாத்தில் இருந்ததைப் போலவே. அங்கே ஆயுதக் கேள்வியைத் தனியே பிரித்து, கனடா நாட்டுத் தளபதி ஜான் டி சாஸ்டெலெய்ன் தலைமையிலான சுயேச்சை ஆணையத்திடம் ஒப்படைத்தார்கள். பிரிட்டிஷ் ராணுவத்திடம் துப்பாக்கியைக் கொடுக்கும் அவமானம் இல்லாமல் போராளிகள் அதை ஆணையத்தின் கண்முன் செயலிழக்கச் செய்யலாம். 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது, ஐ.ஆர்.ஏ. ஆயுதங்கள் முடிவாகச் செயலிழந்தது 2005 செப்டம்பரில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் அரசியல் பேச்சு அதற்காகக் கைவிடப்படவில்லை. ஐதராபாத்தில் நான்கு நாளில் தீர வேண்டும் என்று எதிர்பார்த்த கேள்விக்கு அங்கே ஏழு ஆண்டு கொடுத்தார்கள்.

இலங்கை, அமைப்பு அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் அனுபவம். 2002 பிப்ரவரி 22 அன்று நார்வே நடுநின்ற சண்டை நிறுத்தம் எழுத்தில் வந்தது. நோர்டிக் நாட்டுக் கண்காணிப்புக் குழுவும் வந்தது. மீறல்களைக் குறிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. நிறுத்த அதிகாரம் இல்லை. 2003 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் பேச்சிலிருந்து ஒதுங்கினர். 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்திலிருந்து முறைப்படி விலகியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது அதன் விலையைக் கொடுத்தவர்கள் பதுங்குகுழிகளில் இருந்த மக்கள். அரசியல் தீர்வு என்ற பழைய கேள்வி அந்த மணற்பரப்பில் அப்படியே கிடக்கிறது.

எதிர்வாதங்கள்

ஆந்திராவில் கிரேஹவுண்ட்ஸ் வென்றதே என்பது முதல் வாதம். 2005க்குப் பின் சில ஆண்டுகளில் மாவோயிஸ்ட்கள் ஆந்திராவிலும் தெலங்கானாப் பகுதியிலும் ஒடுங்கியது உண்மை. அவர்கள் எங்கே போனார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும். ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளுக்குப் போனார்கள். 2008 ஜூனில் ஒடிசாவின் பலிமேலா நீர்த்தேக்கத்தில் படகில் சென்ற பாதுகாப்புப் படையினர் 38 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் அந்த கிரேஹவுண்ட்ஸ் வீரர்களே. 2010 ஏப்ரல் 6 அன்று தந்தேவாடாவில் 76 பேர் கொல்லப்பட்டார்கள். சத்தீஸ்கரில் ஊரார் கையிலேயே ஆயுதம் கொடுத்த சல்வா ஜூடுமை 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் சட்டவிரோதம் என்று நிறுத்தியது. பல ஆண்டுகள் கழித்து, 2025 மே 21 அன்று, மாவோயிஸ்ட் பொதுச்செயலாளர் நம்பால கேசவ ராவ் சத்தீஸ்கரில் கொல்லப்பட்டார். ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் பிறந்தவர் அவர். படையால் ஓர் அமைப்பை முடிக்க முடியும் என்பதை ஒப்பினாலும், அதற்கு ஆன ஆண்டுகளையும் உயிர்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பேசினால் வன்முறைக்குப் பரிசளித்ததாகும் என்பது இரண்டாவது வாதம். வன்முறைக்குப் பின் மட்டுமே செவிசாய்க்கும் அரசுதான் அந்தப் பரிசைக் கொடுக்கிறது. குத்தகைச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் மக்கள் அமைதியாகக் கேட்ட காலத்திலேயே வந்திருந்தால் பரிசு என்ற பேச்சுக்கே இடமில்லை. திட்டக் குழு அமைத்த டி. பந்தோபாத்யாய் குழுவும் 2008இல் இதையே வலியுறுத்தியது. சங்கரனும் மனித உரிமை வழக்கறிஞர் கே. பாலகோபாலும் அதில் உறுப்பினர்கள்.

கொல்லப்பட்டவர்களுக்கு நீதி எங்கே என்பது மூன்றாவது வாதம், மூன்றிலும் கனமானது. சமரசம் என்ற பெயரில் கணவனை இழந்த பெண்ணின் வழக்கை மூடிவிட முடியாது. காவலரின் குடும்பத்துக்கும் கிராமத்தாரின் குடும்பத்துக்கும் என்கவுன்டரில் இறந்தவனின் குடும்பத்துக்கும் உண்மை சொல்லப்பட வேண்டும். இழப்பீடு தரப்பட வேண்டும். எந்த ஒப்பந்தத்திலும் இது முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய பிரிவு. 2004இல் இதற்கு இடமே ஒதுக்கப்படவில்லை.

பேச்சுக்கு வேண்டிய அமைப்பு

மேற்சொன்னவற்றிலிருந்து ஐந்து தேவைகள் துலங்குகின்றன. சண்டை நிறுத்தம் எழுத்தில், கையெழுத்தோடு, எது மீறல் என்ற விளக்கத்தோடு இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி போன்ற ஒருவர் தலைமையில், புகார் வந்த நாளிலேயே ஊருக்குப் போய் விசாரித்து, முடிவை வெளியிடும் அதிகாரமுள்ள கண்காணிப்புக் குழு வேண்டும். ஆயுதக் கேள்வி தனி ஆணையத்துக்குப் போக வேண்டும். அது தீரும்வரை நிலமும் உரிமையும் காத்திருக்கக்கூடாது. பல மாநிலங்களில் இயங்கும் அமைப்போடு ஒரு மாநிலம் தனியே பேச முடியாது; மத்திய அரசும் அண்டை மாநிலங்களும் தொடக்கத்திலிருந்தே மேசையில் இருக்க வேண்டும். மஞ்சீரா வாசலில் குவிந்தவை போன்ற மனுக்களை, பேச்சு வென்றாலும் தோற்றாலும், தீர்க்கும் பொறுப்பு வருவாய்த் துறைக்கு இருக்க வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு சிறப்புப் படைக்கு ஆகும் செலவில் சிறு பங்கு. ஆனால் படையைப் போலவே இதற்கும் ஆண்டுதோறும் நிதியும் பயிற்சியும் நிரந்தர அலுவலகமும் தேவை. ஆட்சி மாறினாலும் கிரேஹவுண்ட்ஸ் கலைக்கப்படவில்லை. சங்கரன் குழுவுக்கு நிரந்தர அலுவலகமோ அதிகாரமோ இருக்கவில்லை. 2010 அக்டோபரில் சங்கரனும் டிசம்பரில் கண்ணபிரானும் ஐதராபாத்தில் மறைந்தபோது அவர்களோடு அந்த அனுபவத்தின் பெரும்பகுதியும் போயிற்று.

நான்கு நாள் பேச்சிலிருந்து கையில் நிற்கும் விளைவு ஒன்று உண்டு. நிலம் பற்றி மேசையில் எழுந்த கேள்வியை ஒட்டி, 2004 டிசம்பரில் அமைச்சர் கொனேரு ரங்கா ராவ் தலைமையில் நிலக் குழு அமைக்கப்பட்டது. அது மாவட்டம் மாவட்டமாகச் சென்று, 2006இல் 104 பரிந்துரைகள் தந்தது. பழங்குடியினரின் இழந்த நிலம், ஏழைகளுக்குக் கொடுத்துப் பிறர் கைக்குப் போன அரசு நிலம், கிடப்பில் கிடந்த பட்டா என்று அந்த வாசலில் மனுக்களாக நின்றவையே அந்த அறிக்கையில் பத்திகளாக வந்தன. பேச்சு முறிந்து, தடை திரும்பி, காடுகளில் துப்பாக்கி முழங்கிக்கொண்டிருந்த மாதங்களிலும் அந்த வேலை நடந்து முடிந்தது. அந்தப் பரிந்துரைகளில் நிறைவேறாதவற்றை நிறைவேற்ற இன்று எந்த ஆயுதக் குழுவின் சம்மதமும் தேவையில்லை.